இரைச்சலுள்ள குவாண்டம் கருவியில் ஸ்பின் சங்கிலி: எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு வி.க்யூ.இ. எடுக்கலாமா?

மன்னை மாணவி:

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம் படிக்கிறேன். புராஜெக்ட்டுக்கு வி.க்யூ.இ. எடுக்கலாம் என்று இருக்கிறேன். குவாண்டம் கருவியும் சாதாரணக் கணினியும் மாறி மாறி வேலை செய்து ஓர் அமைப்பின் தரைநிலை ஆற்றலை, அதாவது அதற்குச் சாத்தியமான மிகக் குறைந்த ஆற்றலைத் தேடும் முறை அது. கூடப் படிப்பவர்கள் ஹைட்ரஜன் மூலக்கூறை எடுக்கிறார்கள். நிரல் நெட்டில் தயாராக இருக்கிறது, ஓட்டினால் -1.137 ஹார்ட்ரீ (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) வந்துவிடுகிறது. எனக்கு அது போதவில்லை. பல துகள்கள் ஒன்றையொன்று பாதிக்கும் அமைப்பு ஒன்றை, சிமுலேட்டரில் மட்டுமில்லாமல் நிஜக் கருவியிலும் ஓட்டிப் பார்க்க ஆசை.

என்னிடம் இருப்பது 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப். இலவசக் கணக்கில் மாதத்துக்குச் சில நிமிடங்கள் கருவி நேரம் கிடைக்கிறது. என் கைடு சாருக்குக் காந்தவியல் நன்றாகத் தெரியும், குவாண்டம் கணினி அவருக்கும் புதிது. இதை வைத்துக்கொண்டு உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா? வி.க்யூ.இ. முடிந்துபோன கதை என்றும் சிலர் எழுதுகிறார்களே, அது உண்மையா?

வெண்ணாறு:

சொந்த ஊர் நீடாமங்கலம், பெங்களூரில் இந்தத் துறையை ஒட்டித்தான் வேலை. நேராகவே சொல்லிவிடுகிறேன்மா. முடிந்துபோன கதை என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் முதலில் கொடுத்த வாக்குறுதி நிறைவேறவில்லை.

வரலாற்றைப் பாருங்கள். 2014இல் பெருசோ குழு ஒளித்துகள் கருவியில் ஹீலியம் ஹைட்ரைடு அயனிக்கு முதன்முதலாகச் செய்து காட்டியது. 2017இல் ஐபிஎம் 6 க்யூபிட் (குவாண்டம் கணினியின் பிட்) வரை பயன்படுத்தி பெரிலியம் ஹைட்ரைடு வரை போனது. 2020இல் கூகுள் 12 க்யூபிட்டில் ஹைட்ரஜன் சங்கிலி செய்தது. ஆனால் அங்கே கணக்கிட்டது ஹார்ட்ரீ-ஃபாக் என்ற எளிய தோராய நிலை, அதைச் சாதாரணக் கணினி கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிடும். அதற்கு நடுவே, 2018இல், மெக்லீன் குழுவின் 'பேரன் பிளாட்டோ' (வறண்ட சமவெளி) கட்டுரை வந்தது. சர்க்யூட்டை (க்யூபிட்டுகளில் வரிசையாகச் செய்யும் செயல்களை) நினைத்தபடி தற்செயலாக அமைத்தால், க்யூபிட் கூடக்கூட கிரேடியன்ட், அதாவது எந்தப் பக்கம் போனால் ஆற்றல் குறையும் என்று காட்டும் சரிவு, அடுக்குக்குறி வேகத்தில் பூஜ்யத்தை நோக்கிப் போய்விடும் என்று அதில் நிறுவியிருக்கிறார்கள்.

2023இல் ஐபிஎம் 127 க்யூபிட்டில் ஐசிங் மாதிரியின், அதாவது ஒன்றையொன்று பாதிக்கும் ஸ்பின்களின் (குட்டிக் காந்தங்களின்), நேர இயக்கத்தை ஓட்டியது. சர்க்யூட்டில் 2,880 சி-நாட் கேட்டுகள் (இரண்டு க்யூபிட்டைப் பிணைக்கும் செயல்கள்). நல்ல வேலை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சில வாரங்களுக்குள் டென்சர் நெட்வொர்க் என்ற கணக்கு முறை ஆட்கள் அதே எண்களைச் சாதாரணக் கணினியில் எடுத்துக் காட்டிவிட்டார்கள். ஒரு பரிமாணச் சங்கிலி என்றால் சொல்லவே வேண்டாம், ஸ்டீவன் வைட் 1992இல் கொடுத்த டி.எம்.ஆர்.ஜி. என்ற கணக்கு முறை நூற்றுக்கணக்கான ஸ்பின்களைச் சுலபமாகத் தின்றுவிடும். அப்புறம் எட்டு க்யூபிட்டில் நீங்கள் என்ன புதிதாகக் கண்டுபிடிக்கப் போகிறீர்கள்?

திருவாரூர் வாத்தியார்:

வெண்ணாறு சொன்ன தகவல்கள் எல்லாம் சரி. கடைசிக் கேள்வியில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. எம்.எஸ்சி. புராஜெக்ட்டில் புதிய இயற்பியல் வர வேண்டிய அவசியமில்லை. கருவி கொடுக்கும் எண்ணில் எவ்வளவு இயற்பியல், எவ்வளவு இரைச்சல் என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தால் அதுவே பெரிய வேலை. அதற்கு விடை முன்பே தெரிந்த அமைப்பு வேண்டும். ஆகவே எட்டு க்யூபிட் என்பது இங்கே வசதி.

மாணவிக்கு ஒரு சின்னக் கணக்கு. தாளிலேயே போட்டுப் பாருங்கள். இரண்டே ஸ்பின். இசட் திசையில் இரண்டும் ஒரே பக்கம் திரும்பினால் ஆற்றல் குறையும்படி ஓர் இடைவினை, வலிமை 1. எக்ஸ் திசையில் ஒரு காந்தப்புலம், அதன் வலிமையும் 1. எக்ஸ் அடிப்படையில் எழுதினால் நமக்குத் தேவையான பகுதி 2×2 அணியாகச் சுருங்கிவிடும்: மூலைவிட்டத்தில் -2, +2, மற்ற இரண்டு இடத்திலும் -1. தரைநிலை ஆற்றல் -√5, அதாவது -2.236.

இப்போது பின்னல் இல்லாத நிலைகளை மட்டும் அனுமதியுங்கள். ஒவ்வொரு ஸ்பின்னும் தனித்தனியாக ஒரு திசையில் நிற்கலாம், அவ்வளவுதான். குறைந்தபட்சம் -2 வரும். ஆக குவாண்டம் பின்னலால் கிடைக்கும் லாபம் 0.236. நீங்கள் கருவியில் தேடப் போவது இந்த 0.236ஐத்தான்.

சர்க்யூட்டில் ஒரே கோணம், ஒரே சி-நாட் போதும். சரியான கோணம் 26.6 டிகிரி. ஆற்றலை ஒரே அளவீட்டில் எடுக்க முடியாது: இடைவினைக்கு இசட் அடிப்படையில் ஒரு தொகுதி ஷாட் (சர்க்யூட்டை ஒருமுறை ஓட்டி அளப்பது ஒரு ஷாட்), காந்தப்புலத்துக்கு எக்ஸ் அடிப்படையில் இன்னொரு தொகுதி. தொகுதிக்கு 1,000 ஷாட் எடுத்தால் ஒவ்வொன்றிலும் புள்ளியியல் பிழை 0.028, இரண்டும் சேர்ந்து 0.04. தேடும் பொருளில் ஆறில் ஒரு பங்கு பிழைக்கே போய்விட்டது, இத்தனைக்கும் கருவியில் துளி இரைச்சல்கூட இல்லை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். பிழையைப் பத்தில் ஒன்றாக்க ஷாட்டை நூறு மடங்காக்க வேண்டும்.

இனி இரைச்சல். எளிய மாதிரியில் நிலை சிறிது சிறிதாக முழுக் குழப்பத்தை நோக்கி நகர்கிறது, ஆற்றல் அதே விகிதத்தில் பூஜ்யத்தை நோக்கிச் சுருங்குகிறது. 10.6 சதவீதம் சுருங்கினால் -2.236 என்பது -2 ஆகிவிடும். அதற்கு மேல் போனால், பின்னலே இல்லாத, சி-நாட்டே போடாத சர்க்யூட் உங்கள் சர்க்யூட்டைவிட நல்ல விடை தரும். சி-நாட்டுக்குப் பிழை 0.5 சதவீதம் என்றால் 22 சி-நாட்டில் அந்த அளவு சேதம் வந்து சேரும்.

மன்னை மாணவி:

சார், போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது! இசட் பங்கு -0.447, எக்ஸ் பங்கு -1.789. ஆனால் ஒரு சந்தேகம். இரைச்சல் ஆற்றலை எல்லா இடத்திலும் ஒரே விகிதத்தில் சுருக்கினால் பள்ளத்தின் ஆழம் குறையும், பள்ளம் இருக்கும் இடம் மாறாதே? அப்படியானால் 26.6 டிகிரி என்ற கோணம் மட்டுமாவது சரியாகக் கிடைக்கும் இல்லையா?

திருவாரூர் வாத்தியார்:

கிடைக்கும். நீங்களாகவே இந்த இடத்துக்கு வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். சீரான இரைச்சலுக்கு இது நிறுவப்பட்ட விஷயம். இந்த மாதிரி முறைகளுக்கு இரைச்சலைத் தாங்கும் சக்தி கொஞ்சம் உண்டு என்று சொல்வதற்கு அது ஒரு காரணம். கேட்டைப் போடும்போது கோணம் எப்போதும் 2 டிகிரி கூடிவிடுகிறது என்ற மாதிரியான முறையான பிழையையும் கோணத்தைத் தேடும் ஆப்டிமைசர் நிரல் தானே சரிக்கட்டிக்கொள்ளும். ஆனால் நிஜக் கருவியில் இரைச்சல் சீராக இருப்பதில்லை. க்யூபிட் தானாகவே 1இலிருந்து 0க்கு இறங்கும், படிக்கும்போது 0ஐ 1 என்று படிக்கும். அவை பள்ளத்தையும் நகர்த்தும். எவ்வளவு நகர்த்துகிறது என்பதை அளந்தீர்களானால் புராஜெக்ட்டில் அதற்கே ஓர் அத்தியாயம் ஒதுக்கலாம்.

குடமுருட்டி:

வேதியியல் ஆள் நான், தஞ்சாவூர். இந்த ஆராய்ச்சி எல்லாம் எதற்கு என்று ஊரில் கேட்டால் நான் யூரியாவைக் காட்டித்தான் பதில் சொல்வேன்.

குறுவைக்கு நாற்று நட்டதும் 45 கிலோ மூட்டைக்காக வரிசையில் நிற்கிறோம். அந்த யூரியாவுக்கு அமோனியா வேண்டும், அமோனியாவுக்கு ஹேபர்-பாஷ் முறை. 400 டிகிரிக்கு மேல் வெப்பம், நூற்றுக்கு மேல் வளிமண்டல அழுத்தம். அதே வயலில் மிதக்கும் அசோலாவின் இலைக்குள் வாழும் நீலப்பச்சைப் பாசி, சாதாரண வெயிலில், சாதாரண அழுத்தத்தில், காற்றிலிருக்கும் நைட்ரஜனை அமோனியாவாக்கிவிடுகிறது. நைட்ரோஜனேஸ் என்ற நொதிதான் அதைச் செய்கிறது. அதன் மையத்தில் 7 இரும்பு, 9 கந்தகம், 1 மாலிப்டினம், நடுவில் ஒரு கார்பன் உள்ள கொத்து ஒன்று இருக்கிறது. அந்த இரும்பு அணுக்களின் எலக்ட்ரான்கள் ஒன்றோடொன்று கடுமையாகப் பின்னிக் கிடப்பதால் சாதாரணக் கணினியின் வழக்கமான தோராயங்கள் அங்கே தடுமாறுகின்றன. பல-துகள் பிரச்சினை என்றால் இதுதான். ஃபெய்ன்மேன் 1981இல், இயற்கை குவாண்டம் விதிப்படி நடக்கிறது, அதைப் போலச் செய்துகாட்டும் கணினியும் அப்படியே இருக்கட்டும் என்ற பொருளில் பேசியபோது மனதில் இருந்தது இந்த ரகப் பிரச்சினைதான்.

ஆனால் உண்மை நிலவரத்தையும் சொல்ல வேண்டும். இந்தக் கொத்தைக் கணக்கிட 2021இல் வந்த ஒரு மதிப்பீடு சுமார் 40 லட்சம் இயற்பியல் க்யூபிட், நான்கு நாளுக்குள் வேலை முடியும் என்கிறது. அது பிழை திருத்தம் முழுமையாக உள்ள கணினிக்கான கணக்கு, வி.க்யூ.இ.க்கு அல்ல. ஆற்றல் தெரிந்தவுடன் உரம் வந்துவிடாது என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் இந்தப் பிரச்சினை தீர்க்கப்பட வேண்டியது, நம் ஊர்ப் பிள்ளைகள் அதில் இருக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். எட்டு க்யூபிட்டில் அளவீட்டைச் சரியாகக் கற்ற ஆளுக்கு அந்தக் கணினி வரும்போதும் வேலை இருக்கும்.

வெண்ணாறு:

குடமுருட்டி அண்ணன் சொன்ன கடைசி வரிக்கு நான் எதிரி இல்லை. என் கவலை வேறு. பிள்ளைகளிடம் பணம் வாங்கிக்கொண்டு 'குவாண்டம் சான்றிதழ்' கொடுக்கும் ஒரு பயிற்சி நிறுவனத்தின் பாடத்தைப் பார்த்தேன். இரைச்சல் என்ற சொல்லே அதில் கிடையாது. சிமுலேட்டரில் வரும் வழவழப்பான வளைகோட்டைக் காட்டி, கருவியிலும் இப்படித்தான் என்று நம்பவைக்கிறார்கள். இது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

ஷாட் கணக்கில் எல்லோரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. வேதியியலுக்குத் தேவையான துல்லியம் 1.6 மில்லிஹார்ட்ரீ. மூலக்கூறு பெரிதானால் ஹாமில்டோனியனில் (ஆற்றலுக்கான கோவையில்) உறுப்புகளின் எண்ணிக்கை எலக்ட்ரான் சுற்றுப்பாதைகளின் நான்காம் அடுக்கு வேகத்தில் ஏறுகிறது. ஒவ்வொன்றையும் அளக்க வேண்டும், ஒவ்வொரு ஆப்டிமைசர் அடியிலும் திரும்ப அளக்க வேண்டும். ஒரு கோணத்தின் கிரேடியன்ட்டுக்கே பை/2 கூட்டி ஒன்று, கழித்து ஒன்று என இரண்டு முழு அளவீடு. வெக்கர், ஹேஸ்டிங்ஸ், ட்ரோயர் மூவரும் 2015இலேயே இதைச் சுட்டிக்காட்டிவிட்டார்கள். குழுவாகச் சேர்த்து அளப்பது போன்ற உத்திகள் பிறகு வந்து சுமையைக் குறைத்தன, நீக்கவில்லை.

அரசலாறு:

கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன், நிரல் எழுதுவது என் தொழில். பேரன் பிளாட்டோவை என் தம்பிக்குக் கடைமடையைக் காட்டித்தான் விளக்கினேன். முத்துப்பேட்டைப் பக்கம் போனால் நிலம் பார்வைக்கு முழுச் சமமாக இருக்கும், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கண்ணால் சொல்ல முடியாது, லெவல் மெஷின் வைத்துத்தான் சரிவைப் பிடிக்க வேண்டும். ஆப்டிமைசருக்கும் அதே நிலைமை. 20 க்யூபிட்டில், தற்செயலாக அமைத்த ஆழமான சர்க்யூட்டில், கிரேடியன்ட்டின் அளவு ஆயிரத்தில் ஒன்று என்ற கணக்கில் வரும். அது பூஜ்யமா இல்லையா என்று தெரிந்துகொள்ளவே பத்து லட்சம் ஷாட் வேண்டும். 2021இல் வாங் குழு இன்னொன்றையும் காட்டியது: சர்க்யூட் ஆழமாகப் போனால் இரைச்சலே நிலத்தைச் சமமாக்கிவிடும், அதற்கு அமைப்பு தற்செயலாக இருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை.

ஆகவே அன்சாட்ஸை (கோணங்களை மாற்றித் தேடும் சர்க்யூட்டின் வடிவத்தை) இயற்பியல் பார்த்து அமைப்பதுதான் வழி. கூடவே, பேரன் பிளாட்டோ வராத அமைப்புகள் பலவற்றைச் சாதாரணக் கணினியிலேயே போலச் செய்துகாட்ட முடிகிறது என்ற வாதம் 2023இலிருந்து சூடாக ஓடுகிறது. அதையும் புராஜெக்ட்டில் ஒரு பத்தியாவது எழுதுங்கள், வைவாவில் கேட்பார்கள்.

திருவாரூர் வாத்தியார்:

சரி, என்ன அமைப்பு என்பதற்கு வருவோம். கைடு காந்தவியல் ஆள் என்றால் ஹெய்சன்பெர்க் சங்கிலி எடுங்கள். எட்டு ஸ்பின், முனைகள் திறந்தவை, பக்கத்துப் பக்கத்து ஸ்பின்கள் எதிரெதிராக நிற்க விரும்புபவை, வலிமை 1. மொத்த நிலைகள் 256. மேல்நோக்கி நான்கு, கீழ்நோக்கி நான்கு என்ற நிபந்தனை போட்டால் 70. உங்கள் லேப்டாப் நொடியில் தீர்த்துவிடும்: -3.375.

தொடக்க நிலையாக ஸ்பின்களை 1-2, 3-4, 5-6, 7-8 என்று ஜோடி சேர்த்து ஒவ்வொரு ஜோடியையும் சிங்க்லெட் (மொத்த ஸ்பின் பூஜ்யமாகும் பின்னல் நிலை) ஆக்குங்கள். நான்கு சி-நாட் போதும். ஆற்றல் ஜோடிக்கு -0.75, மொத்தம் -3. அதன்மேல் 2-3, 4-5, 6-7 பிணைப்புகளில் ஒரு கோணத்தில் பரிமாற்ற கேட் (அந்த இரண்டு ஸ்பின்னின் இடைவினையைச் செயல்படுத்தும் கேட்), பிறகு 1-2 வகைப் பிணைப்புகளில் இன்னொரு கோணத்தில். இது ஓர் அடுக்கு. பரிமாற்ற கேட் ஒவ்வொன்றுக்கும் மூன்று சி-நாட், அடுக்குக்கு ஏழு கேட், ஆக 21. இரண்டு அடுக்கு போட்டால் தொடக்கத்தையும் சேர்த்து 46 சி-நாட், மொத்தம் நாலே கோணம். நாலு கோணத்துக்குப் பெரிய ஆப்டிமைசர் எதுவும் தேவையில்லை. எல்லாம் பக்கத்துப் பக்கத்து க்யூபிட் என்பதால் க்யூபிட்டுகளை இடம் மாற்றும் ஸ்வாப்பும் வேண்டாம்.

இந்த அமைப்பில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், மொத்த ஸ்பின் எப்போதும் பூஜ்யமாகவே இருக்கும் என்பது. அதனால் எக்ஸ், ஒய், இசட் மூன்று திசையிலும் தொடர்பு சமம். இசட்டில் மட்டும் அளந்து மூன்றால் பெருக்கினால் ஆற்றல் வந்துவிடும், மூன்று அடிப்படைக்குப் பதில் ஒன்றில் அளந்தால் போதும். ஒவ்வொரு ஷாட்டிலும் நான்கு 0, நான்கு 1 இருந்தே ஆக வேண்டும். இல்லாத ஷாட்டைத் தள்ளிவிடுங்கள்.

வடிகட்டாமல் பார்த்தால் என்ன ஆகும் தெரியுமா? 46 சி-நாட், 0.5 சதவீதப் பிழை என்றால் பிழையே இல்லாமல் தப்புவது 79 சதவீதம். -3.375 சுருங்கி -2.7 பக்கம் வரும். அதாவது எந்த முயற்சியும் செய்யாத -3ஐவிட மோசம்! இந்த எண்ணை அட்டவணையில் மறைக்காமல் போடுங்கள்.

மன்னை மாணவி:

சார், இது அப்படியே எனக்குப் பிடித்துப்போய்விட்டது. கைடு சாரிடமும் காட்டினேன். சிங்க்லெட் ஜோடி என்றதும் அவர் மஜும்தார்-கோஷ் என்று ஆரம்பித்துவிட்டார். அடுத்ததற்கு அடுத்த ஸ்பின்னோடும் பாதி வலிமையில் இடைவினை இருந்தால் அந்த ஜோடி நிலையே மிகச் சரியான தரைநிலை, 1969இலேயே நிறுவிவிட்டார்கள் என்றார். இதை எங்கே சேர்ப்பது?

திருவாரூர் வாத்தியார்:

உங்கள் கைடுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், அருமையான யோசனை. அதை முதலில் ஓட்டுங்கள். பாதி வலிமையில் விடை மிகச் சரியாக -3, நான்கு சி-நாட்டில் முடிந்துவிடும். அங்கே ஆப்டிமைசரும் இல்லை, அன்சாட்ஸ் போதாது என்ற சாக்கும் இல்லை. -3க்கும் கருவி தரும் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் அத்தனையும் இரைச்சலும் ஷாட் பிழையும்தான். அதன்பின் அந்த வலிமையை 0.5, 0.25, 0 என்று குறைத்துக்கொண்டே வாருங்கள். தரைநிலை ஜோடிகளை விட்டு விலகும், சர்க்யூட் ஆழமாக வேண்டியிருக்கும், கருவி எந்த இடத்தில் கைவிடுகிறது என்பது படத்தில் தெரியும்.

வெண்ணாறு:

இப்படிச் செய்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. நானும் படிக்கக் காத்திருக்கிறேன். 'குவாண்டம் அனுகூலம்' (சாதாரணக் கணினியை மிஞ்சுவது) என்ற சொல் மட்டும் தலைப்பில் வேண்டாம்.

ஒரு கூடுதல் தகவல். இப்போது துறை சாயும் பக்கம் வேறு. ஐபிஎம்மும் ஜப்பானின் ரிக்கெனும் சேர்ந்து ஃபுகாகு சூப்பர் கணினியோடு குவாண்டம் கருவியை இணைத்து, 77 க்யூபிட் வரை போய் இரும்பு-கந்தகக் கொத்தைக் கணக்கிட்டார்கள். கருவி முக்கியமான நிலைகளை மாதிரியெடுத்துக் கொடுக்கும், ஆற்றல் கணக்கு முழுவதும் சாதாரணக் கணினியில். ஆற்றலைக் கருவியில் அளப்பதே இல்லை என்பதால் ஷாட் தலைவலி குறைகிறது. அதே நிலைகளைச் சாதாரண முறையிலேயே தேர்ந்தெடுக்க முடியாதா என்ற கேள்வி அங்கேயும் நிற்கிறது. உங்கள் 70 நிலைகளுக்கு அது பொருந்தாது, சில நூறு ஷாட்டில் பெரும்பாலானவை வந்துவிடும், பாடம் எதுவும் கிடைக்காது.

மன்னை மாணவி:

தலைப்பில் போடமாட்டேன் அண்ணா. கடைசியாக ஒன்று. பூஜ்ய இரைச்சல் நீட்டிப்பு என்று எல்லோரும் செய்கிறார்களே, அதையும் வடிகட்டலையும் சேர்த்துச் செய்யலாமா?

அரசலாறு:

செய்யலாம், ஆனால் முதலில் தனித்தனியாகச் செய்து எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நீட்டிப்பு எப்படி என்றால், ஒவ்வொரு சி-நாட்டையும் மூன்றாக எழுதினால் விளைவு அதேதான், இரைச்சல் மட்டும் மூன்று மடங்கு. முதல் அளவீட்டை ஒன்றரையால் பெருக்கி, மூன்று மடங்கு அளவீட்டில் பாதியைக் கழித்தால் இரைச்சலற்ற மதிப்பின் தோராயம் வரும். வாத்தியார் சார் போட்ட இரண்டு ஸ்பின் கணக்கில், 5 சதவீத இரைச்சலுக்கு -2.127, மூன்று மடங்குக்கு -1.925 என்று வைத்தால் விடை -2.228. உண்மைக்கு ரொம்பப் பக்கம். ஆனால் ஷாட் பிழையின் வர்க்கம் 2.5 மடங்காகிவிடும், அந்த அளவுக்கு ஷாட்டைக் கூட்ட வேண்டும். 46 சி-நாட்டை 138 ஆக்கினால் பாதி ஷாட்டிலாவது பிழை ஏறியிருக்கும், அங்கே நேர்கோட்டை நம்ப முடியாது. அதனால் நீட்டிப்பை நான்கு சி-நாட் சர்க்யூட்டிலும் ஓரடுக்கு சர்க்யூட்டிலும் மட்டும் வையுங்கள். இரண்டடுக்குக்கு வடிகட்டல் போதும். தள்ளிய ஷாட் எத்தனை சதவீதம் என்பதையும் எழுதுங்கள். முழுக் குழப்பத்திலிருந்து வரும் ஷாட்டிலும் 256க்கு 70 வடிகட்டியைத் தாண்டிவிடும்.

கோணங்களைச் சிமுலேட்டரில் தேடி முடித்துவிட்டே கருவிக்குப் போங்கள். கருவி நேரம் முழுவதும் அளவீட்டுக்கே வேண்டும். சுற்றுக்கு 4,000 ஷாட்டில் ஆரம்பியுங்கள். அன்றைய தேதியில் கருவியின் அளவுத்திருத்தப் பக்கத்தைத் திறந்து, வரிசையாக எட்டு க்யூபிட்டில் சி-நாட் பிழையும் படிப்புப் பிழையும் குறைவாக உள்ள வரிசையைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பக்கத்தையும் சேமித்து வையுங்கள், மறுநாள் எண்கள் மாறியிருக்கும்.